கதிரைக்கு ஒரு புள்ளி

வாமதேவனுக்கு இனிப் பேச்சு திரும்பாது, பிறர் சொல்வதும் விளங்காது என்று மருத்துவமனை முடிவு செய்திருந்தது. ஹீத்ரோ விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஷிப்ட் முடிந்து வந்தால் அன்று நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்காமல் சாப்பிட உட்காரமாட்டார் என்று அவருடைய மனைவி கனகாம்பிகை சொன்னார். பக்கவாதம் வந்த பிறகு ஹவுன்ஸ்லோ வீட்டு சோபாவில் உட்கார்ந்து யன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

அவரைச் சோதிக்க வந்தவர் றொசாந்தி பஸ்தியாம்பிள்ளை. லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றில் பேச்சுச் சிகிச்சைத் துறை விரிவுரையாளர். வாரத்தில் ஒரு நாள் நோயாளிகளையும் பார்ப்பார். பெற்றோர் மன்னாரைச் சேர்ந்தவர்கள், அவர் வளர்ந்தது லண்டன் நோர்பரியில்.

மருத்துவமனை வாமதேவனை ஆங்கிலத்தில் சோதித்திருந்தது. றொசாந்தி தமிழ்ச் சோதனை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். இந்தியாவில் தயாரித்தது, படம் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். முதல் படத்தைக் காட்டினார்.

வாமதேவனின் உதடு பல தடவை அசைந்தது. "க... கதிரை."

ஈழத்தவர் கதிரை என்பதற்கு விடைத்தாளில் 'நாற்காலி' என்று இருந்தது. விடைத்தாளில் உள்ள சொல்லைச் சொன்னால் மட்டுமே புள்ளி. றொசாந்தி சோப்புக் கட்டியின் படத்தைக் காட்டினார்.

"சவ... சவர்க்காரம்."

அதற்கும் புள்ளி இல்லை. எல்லாப் படங்களும் முடிந்தபோது, விதிப்படி பார்த்தால் அவர் சொன்னதில் பாதிக்கு மேல் பிழை. றொசாந்தி படங்களை ஒதுக்கி வைத்தார்.

"அன்ரி, அங்கிளுக்கு எல்லாம் விளங்குது. சொல்லவும் ஏலும், சுணங்குது, கொஞ்சம் நேரம் எடுக்குது, அவ்வளவுதான்."

"அதைத்தானே நான் முதல் நாளில இருந்து சொல்லுறன் பிள்ளை," என்றார் கனகாம்பிகை. "ஆர் கேட்டவை?"

அந்த வாரமே றொசாந்தி மருத்துவமனையுடன் பேசி, நிறுத்தியிருந்த சிகிச்சையைத் தமிழில் மீண்டும் தொடங்க வைத்தார். ஆனால் மனம் அதோடு அமைதியாகவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் போய்ப் பார்க்காத வீடுகளில் என்ன நடக்கும்? ஈழத்தமிழ் பேசுகிறவர்களுக்கென்று ஒரு சோதனை வேண்டும். அதைச் செய்யத் தன்னால் முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்களின் ஆய்வுகளுக்கும் மாநாடுகளுக்கும் உதவ ஓர் உள்ளக நிதி இருந்தது. அதற்கு விண்ணப்பிக்கப்போவதாகத் துறைத் தலைவர் ஹாரியட்டிடம் போய்ச் சொன்னார்.

ஹாரியட் வேறு திட்டம் வைத்திருந்தார். "நான் தேசிய அளவில் பெரிய நிதி ஒன்றுக்குப் போகிறேன். எட்டு மொழிகள். ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்ப்போம். தமிழை நீ பார்த்துக்கொள்."

"அந்த ஆங்கிலப் படங்களில் பனியில் சறுக்குகிற வண்டி இருக்கிறது, ஹாரியட். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரிடம் அதைக் காட்டி நாம் எதை அளக்கப்போகிறோம்?"

"படங்களைப் பிறகு மாற்றலாம். பெரிய திட்டத்தில் பெயர் இருந்தால் உன் பதவி உயர்வுக்கு நல்லது. உள்ளக நிதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை."

"தெரியும். இருந்தாலும் என் பெயரை எடுத்துவிடுங்கள். நான் தனியாகவே விண்ணப்பிக்கிறேன்."

ஹாரியட் கோபப்படவில்லை. ஆனால் அதன்பிறகு பல வாரங்கள் நடைபாதையில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

நிதிக் குழுவின் நேர்காணல் வசந்தகாலத்தில் நடந்தது. குழுவின் தலைவர் வரலாற்றுத் துறைக்காரர், நிதானமாகப் பேசுகிற மனிதர்.

"படித்தேன். நல்ல நோக்கம். ஆனால் இது ஆய்வா, சமூக சேவையா?"

றொசாந்தி இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே வந்திருந்தார். "ஒரு நோயாளிக்கு நான் உதவியாகிவிட்டது. அதற்கு உங்கள் நிதி தேவைப்படவில்லை. இருக்கிற சோதனை ஏன் பிழை விடுகிறது என்று காட்டி, பிழை விடாத ஒன்றைச் செய்யவே நிதி கேட்கிறேன்."

தலைவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் பொறியியல் பேராசிரியர் திருநாவுக்கரசு, ஈரோட்டுக்காரர். றொசாந்திக்கு உள்ளூர ஒரு நிம்மதி. தமிழர் ஒருவர் இருக்கிறார், இனிச் சுலபம் என்று நினைத்தார்.

"நானும் தமிழன்தான்," என்று திருநாவுக்கரசு ஆங்கிலத்தில் தொடங்கினார். "கதிரை என்றால் எனக்கும் புரியும். பழைய விடைத்தாளில் அந்தச் சொல்லையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. புதிய சோதனை எதற்கு?"

றொசாந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரியா பிழையா என்பது மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு கடினம் என்பதும் தெரிய வேண்டும். சோப்பு சின்னச் சொல். சவர்க்காரம் நீளமான சொல், நாக்குக்கு வேலை அதிகம். இரண்டுக்கும் ஒரே புள்ளி போட்டால், யாருடைய மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்."

"சரி. அந்த வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? நீங்கள் சோதிக்கப்போவது ஈழத்தமிழரை மட்டும். இந்தியத் தமிழரையும் பக்கத்தில் வைத்து அளக்காமல் வேறுபாடு எங்கிருந்து தெரியும்?"

ஆய்வைச் சிறியதாக வைத்திருக்க வேண்டும் என்று றொசாந்திதான் அந்தப் பகுதியை வெட்டியிருந்தார். சமாளிக்கப் பல வழிகள் இருந்தன. அவர் எதையும் தேடவில்லை.

"நீங்கள் சொல்வது சரி. அதை விட்டது என் பிழை. சேர்த்துக்கொள்கிறேன்."

"அப்படியானால் செலவு கூடுமே?" என்றார் தலைவர்.

"கூடாது. முடிவுகளைச் சொல்ல வெளிநாட்டு மாநாட்டுக்குப் போவதாக இருந்தேன். போகவில்லை. இங்கேயே ஒரு நாள் மாநாடு வைக்கிறேன். வெளிநாட்டுக்காரர் இணையத்தில் வரட்டும். சோதனையில் பங்கெடுத்த குடும்பங்கள் நேரில் வந்து உட்காரட்டும். இங்கே நடந்தால்தான் அவர்களால் வர முடியும்."

வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது திருநாவுக்கரசு பின்னால் வந்தார். இப்போது தமிழில் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இங்க நான் கேக்கலேன்னா நாளைக்கு வேற யாராவது கேப்பாங்க."

"இல்லை சேர், கேட்டது நல்லதாப் போச்சு. ஆனா இந்தியத் தமிழ் ஆக்களை எனக்குப் பெரிசாத் தெரியாது. ஆரையும் அறிமுகப்படுத்தி விடுவீங்களோ?"

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "இப்பவே உதவறேன்னு சொன்னா நான் குழுவில ஓட்டுப் போட முடியாதும்மா. முதல்ல நிதி கிடைக்கட்டும்."

கிடைத்தது. இரு தமிழையும் அளக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சொற்களின் கடினத்தை அளக்க, நோர்பரித் தேவாலயத்தில் பூசை முடிந்து தேநீருக்கு நிற்பவர்களைப் பங்கு மண்டபத்தில் றொசாந்தி சோதித்தார். ஈஸ்ட்ஹாமில் திருநாவுக்கரசின் உறவினர்கள் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பெயர் சொல்லிவிட்டு அதைப் பற்றி ஒரு கதையும் சொன்னார்கள். முடிவு றொசாந்தி எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக வந்தது. ஒரு தமிழில் இலகுவான சொற்களில் கணிசமானவை மற்றதில் கடினமாக இருந்தன. திருநாவுக்கரசு அன்று கேட்டிராவிட்டால் அது தெரியவந்தே இருக்காது.

மாநாட்டன்று மண்டபம் நிறைந்திருந்தது. றொசாந்தி பேசி முடித்ததும் கனகாம்பிகையை மேடைக்கு அழைத்தார். அவர் தமிழில் பேச, றொசாந்தி ஆங்கிலத்தில் சொன்னார்.

"இவருக்கு ஒண்டும் விளங்காதெண்டு இவருக்கு முன்னாலேயே நிண்டு சொன்னவை," என்றார் கனகாம்பிகை. "இவர் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தவர்."

றொசாந்தி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். யாரும் கைதட்டவில்லை. மருத்துவர்கள் சிலர் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.

தேநீர் இடைவேளையில் ஹாரியட் வந்தார். அவருடைய பெரிய விண்ணப்பம் முதல் சுற்றிலேயே திரும்பிவிட்டது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

"மொழிபெயர்ப்புத்தான் பலவீனம் என்று எழுதியிருக்கிறார்கள்," என்றார். "அடுத்த தடவை மற்ற மொழிகளையும் உன் முறையில் செய்ய வேண்டும். நீ தலைமை தாங்குவாயா?"

"ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழி பேசுகிற ஆய்வாளர் ஒருவர் பொறுப்பாக இருந்தால் வருகிறேன். மொழிபெயர்ப்பாளராக அல்ல, ஆய்வாளராக."

"திங்கட்கிழமை உட்கார்ந்து பேசலாம்," என்றார் ஹாரியட். அவர் முகத்தில் பழைய சிநேகம் திரும்பியிருந்தது.

மாலையில் வாமதேவனையும் கனகாம்பிகையையும் வழியனுப்ப றொசாந்தி வாசல் வரை போனார். வாமதேவன் இப்போது கைத்தடியுடன் நடந்தார். பேச்சு சுணங்கித்தான் வந்தது, ஆனால் வந்தது. டாக்சி காத்து நின்றது.

"ஏறுங்கோ, வீட்டை போவம்," என்றார் கனகாம்பிகை.

வாமதேவன் ஏறவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"ஆர்ச்வே... முருகன். பிறகு... வீடு."

"இப்ப கோயிலுக்குப் போனா வீட்டை வர இருட்டிப்போகும். களைச்சுப் போவியள்."

"இல்லை."

கனகாம்பிகை றொசாந்தியைப் பார்த்தார். "பார் பிள்ளை. பேச்சு வந்தவுடனே சண்டையும் வந்திட்டுது."

"நீங்கள்தானே அன்ரி கதைக்க வைக்கச் சொன்னனீங்கள்," என்று றொசாந்தி சிரித்தார்.

வாமதேவன் அதற்குள் ஓட்டுநரின் பக்கம் குனிந்து, தானே இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.