மகளிடம் போகும் கேள்விகள்

மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு என் மகள் என்னுடன் இரண்டு நிமிடம் பேசுவாள். மற்ற நாட்களில் பேசமாட்டாள். அந்த இரண்டு நிமிடத்தையும் "மிஸ்யூ யோகேந்திரன், உங்கள் கேள்விக்கு நன்றி" என்று பிரெஞ்சில்தான் தொடங்குவாள். பெற்ற பிள்ளையிடம் இந்த நன்றியை வாங்குவதற்காக முகச்சவரம் செய்து, கோட்டுப் போட்டு, மெட்ரோவில் இரண்டு தரம் மாறி ஏறிப் போகிறவன் இந்த மொன்ட்ரியாலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

துஷாந்தினி ஐம்பத்திரண்டு பள்ளிக்கூடங்களை நடத்தும் கல்விச் சேவை மையம் ஒன்றின் பணிப்பாளர் நாயகம். நான் அந்த ஐம்பத்திரண்டில் ஒன்றில், மொன்ட்ரியால்-நோரில், இருபத்துநான்கு வருடம் கொன்சியேர்ஜாக இருந்து ஓய்வுபெற்றவன். கொதிகலன் பார்ப்பது, பனி தள்ளுவது, கூட்டுவது, பிள்ளைகள் சத்தியெடுத்த இடத்தைத் துடைப்பது எல்லாம் என் வேலை. அவள் படித்ததும் அங்கேதான். காலை ஏழு மணிக்கு நான் பின்கதவைத் திறக்கும்போது முதல் ஆளாக உள்ளே ஓடுவாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அதோடுதான் எங்கள் பேச்சும் நின்றது.

போன வருடம் ஜனவரியில் நடந்தது. கட்டடம் பழுது. திருத்துவதா, மூடிவிட்டுப் பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா என்பதை நிர்வாக சபை தீர்மானிக்க வேண்டியிருந்தது. பெற்றோர், ஆசிரியர், ஊர்ப் பிரதிநிதிகள் என்று சபையில் பதினைந்து பேர். இரண்டு பிள்ளைகளை அங்கே விட்டிருந்த வினோஜன் என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணை, கூட்டத்துக்கு முந்நூறு பேரைக் கொண்டுபோய் நிப்பாட்டுவம். சனத்தைக் கண்டால் சபை யோசிக்கும்."

நான் சிரித்தேன். "என்ர மகள் இருக்கேக்க ஆர் கை வைப்பான்? சும்மா குளிருக்கை சனத்தை அலைக்கழிக்காதை. எல்லாரையும் வீட்டிலை இருக்கச் சொல்லு."

நான் அப்படித்தான் நம்பினேன். யாழ்ப்பாணத்தில் கல்விப் பணிப்பாளர் என்றால் அவருக்கு மேலே கடவுள்தான். இடமாற்றம் என்றாலும் கூரைத் தகரம் என்றாலும் அவரைப் பிடித்தால் போதும். நம்மாள் ஒருவர் மேலே இருந்தால் கீழே இருப்பவர்கள் காலை நீட்டிப் படுக்கலாம். துஷி எனக்குச் சொல்லாமல் விடவில்லை. எங்கள் குசினியில் அடுப்பருகே நின்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"அப்பா, முடிவெடுக்கிறது சபை. எனக்கு அங்கை வாக்கே இல்லை. நான் அறிக்கை குடுப்பன், அவையள் கை தூக்குவினம், பேந்து அவையள் சொன்னதை நான் செய்து முடிக்கவேணும். அதுதான் என்ர வேலை."

"அப்ப உனக்கு என்னத்துக்கு அவ்வளவு பெரிய கதிரை?" என்றேன்.

கூட்டத்துக்கு வந்த சனம் பதினொரு பேர். நூறு கதிரை போட்டிருந்தார்கள். சபையினர் வெறும் கதிரைகளைப் பார்த்தார்கள், பிறகு மூடுவதற்குக் கை தூக்கினார்கள். என் மகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னை நம்பி வீட்டில் இருந்தவர்களின் முகத்தில் நான் எப்படி முழிப்பது? மூக்கறுபட்ட கோபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, பள்ளிக்கூடத்தை மூட விடமாட்டேன் என்று என் மகள் எனக்கு உறுதி தந்தாள் என்று அரைகுறைப் பிரெஞ்சில் கத்தினேன். பொய். சுத்தப் பொய். சபையின் செயலாளர் றொக்சன் அதை ஒரு எழுத்து விடாமல் கூட்டக் குறிப்பில் பதிந்தாள்.

அதன் பிறகு துஷி வீட்டுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் ஞாயிறு தோறும் எனக்கு வேலை. அந்த நேரம் பார்த்து, தான் குடியிருக்கும் லொங்குய்யிலிருந்து வந்து தாயோடு சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். நான் வரும்போது குசினியில் கழுவிக் கவிழ்த்த கோப்பை ஒன்று கூடுதலாக இருக்கும். என் மனைவி சிவநேசம் யாருக்காகவும் பரிந்து பேசமாட்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மண்டை" என்பதோடு சரி.

மகளின் குரலைக் கேட்க எனக்கு இருந்தது சபையின் மாதக் கூட்டம்தான். அங்கே பொதுமக்களுக்குக் கேள்வி நேரம் உண்டு. ஏழு மணிக்கு முன் றொக்சனிடம் பெயர் பதிய வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம். தலைவியைப் பார்த்துத்தான் கேட்கலாம், அதிகாரிகளிடம் நேரே கேட்கக் கூடாது. தலைவி றொசானாவும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் தாய்தான். ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டால் அது சபையின் வேலை, அவளே பதில் சொல்லுவாள். எடுத்த முடிவை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் அது நிர்வாகத்தின் வேலை, பணிப்பாளர் நாயகத்தின் பக்கம் திருப்பிவிடுவாள். இதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு இரண்டு கூட்டம் வீணாகப் போயிற்று. இரண்டிலும் ஏன் என்று கேட்டேன், இரண்டிலும் றொசானா பேசிப் பேசியே நேரத்தை முடித்தாள்.

அதற்குப் பிறகு நான் ஏன் என்று கேட்டதே இல்லை. பள்ளி பஸ் எத்தனை மணிக்கு வருகிறது? தண்ணீர்க் குழாயை யார் சோதிக்கிறார்கள்? பனி உருகப் படிக்கட்டுக்கு உப்புப் போடுவது யார்? மகள் விரல் மடக்கிச் சொல்லியும் ஏறாத பாடம், அவள் குரலுக்கு ஏங்கி ஏங்கியே என் மண்டையில் ஏறியது. இப்போது சபைக்கும் பணிப்பாளருக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நான் வகுப்பே எடுப்பேன். அவள் பதில் சொல்லும்போது பஸ்ஸும் குழாயும் என் காதில் ஏறாது. மூக்கடைத்துத் தடிமன் பிடித்திருக்கிறதா, ஒழுங்காக நித்திரை கொண்டாளா என்று குரலில் தேடிக்கொண்டிருப்பேன். சில நேரம் "பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தருகிறோம்" என்பாள். சொன்னபடி அவள் கையெழுத்தோடு கடிதம் வரும். ஆறு கடிதம் இருக்கிறது. தண்ணீர்க் குழாயைப் பற்றிய கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜூன் மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் இணையத்தில் வந்தது. ஒன்பதாவது விடயம்: பணிப்பாளர் நாயகம் மீதான முறைப்பாடு, மூடிய அமர்வு. முறைப்பாடு செய்தவன் வினோஜன். அவனே தொலைபேசியில் சொன்னான்.

"அண்ணை, அந்தக் கூட்டக் குறிப்பை இப்பதான் தேடிப் படிச்சனான். மூட விடமாட்டன் எண்டு அவ சொன்னதா அதிலை கிடக்கு. அதை நம்பித்தானே நீங்களும் எங்களை வீட்டிலை இருக்கச் சொன்னனீங்கள். என்ர பிள்ளையள் இப்ப ஒரு மணித்தியாலம் பஸ்ஸிலை போகுதுகள். நான் கேக்காமல் ஆர் கேக்கிறது?"

அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பிழை எழுதியிருந்த அந்த வரியில் இருந்தது, அந்த வரி என் வாயிலிருந்து வந்தது.

செவ்வாய்க்கிழமை என் கோட்டுப் பையில் இரண்டு தாள் இருந்தன. ஒன்று ஒரு மாதமாக யோசித்து வைத்த கேள்வி: பிள்ளைகளை அனுப்பிய புதுப் பள்ளிக்கூடத்தில் பின்கதவை எத்தனை மணிக்கு, யார் திறக்கிறார்கள்? அது வழுக்கிக்கொண்டு மகளிடம் போகும். மற்றது கூட்டக் குறிப்பைப் பற்றியது. குறிப்பு சபையின் சொத்து, அதைக் கேட்டால் றொசானாதான் பதில் சொல்லுவாள். மகள் வாய் திறக்கமாட்டாள். ஜூலையில் கூட்டம் இல்லை. ஓகஸ்டில் அவள் அந்தக் கதிரையில் இருப்பாளோ தெரியாது. மெட்ரோ முழுக்க இரண்டு தாளையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டு போனேன்.

"பொன்சுவார் மிஸ்யூ, இன்றைக்கு என்ன, குழாயா, பஸ்ஸா?" என்று றொக்சன் சிரித்தாள்.

"கூட்டக் குறிப்பு" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தி எழுதிக்கொண்டாள்.

நான் ஒலிவாங்கிக்குப் போனபோது துஷி கோப்புறையைத் திறந்து வைத்துத் தயாராக இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பதில்லை. கடைசி வரிசையில் வினோஜன் இருந்தான்.

"மதாம் தலைவி, போன வருடம் ஜனவரிக் குறிப்பில் நான் சொன்ன ஒரு வரி இருக்கிறது. என் மகள் எனக்கு உறுதி தந்தாள் என்று. அது பொய். முடிவெடுப்பது சபை, தனக்கு வாக்கு இல்லை என்றுதான் அவள் சொன்னாள். சனங்களை வீட்டில் இருக்கச் சொன்னவன் நான். அதை எழுதிக்கொள்ள முடியுமா?"

நாற்பது வினாடிதான் ஆனது. பழைய குறிப்பை அழிக்க முடியாது, இன்று சொன்னது இன்றைய குறிப்பில் முழுதாக வரும் என்றாள் றொசானா. "தொடர் கேள்வி உண்டா?" என்றாள்.

பின்கதவுத் தாள் பையில் கிடந்தது. கை அதற்குப் போயிற்று. கதவுக் கேள்வி தொடர் கேள்வி ஆகாது என்று விதி எனக்குத் தெரியும். "இல்லை" என்றேன். துஷி கோப்புறையை மூடினாள். அவள் குரல் இல்லாமல் என் இரண்டு நிமிடம் முடிந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒன்பதாவது விடயம் வந்ததும் பொதுமக்களை வெளியே அனுப்பினார்கள். நடையில் வினோஜன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"இதை ஒண்டரை வருசத்துக்கு முதல் சொல்லியிருக்கலாம், அண்ணை."

"ஓம்" என்றேன். அவன் போய்விட்டான். நான் சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்தேன்.

கதவு மறுபடி திறந்தது. துஷி வெளியே வந்தாள். அவளைப் பற்றிய பேச்சு என்பதால் அவளும் உள்ளே இருக்கக் கூடாது. றொக்சன் அவள் பின்னால் கதவைச் சாத்தினாள். முடிவெடுப்பவர்கள் உள்ளே இருந்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் வெளியே. நடையில் வேறு வாங்கு இல்லை. ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் ஜூன் மாத வெயில் இன்னும் நின்றது.

"நான் ஒரு பதில் எழுதிக்கொண்டு வந்தனான்" என்றாள். தமிழில். பதினேழு மாதத்துக்குப் பிறகு தமிழில். "பின்கதவைப் பற்றி."

"நான் அதைக் கேக்கேல்லையே. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏழு மணிக்குக் கதவு திறக்காட்டி உங்களுக்குப் பொறுக்காதெண்டு எனக்குத் தெரியாதே?" கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பாவுக்குப் பதில் சொல்லுறது கஷ்டமெண்டால் உதவிப் பணிப்பாளர் சொல்லட்டும் எண்டு றொசானா முதலே சொன்னவ. நான்தான் வேண்டாமெண்டனான். அந்த ஆளின்ர கேள்வியெல்லாம் எனக்கே தாங்கோ எண்டு கேட்டனான்."

நான் களவாக எடுத்துக்கொண்டிருந்ததாக நினைத்த இரண்டு நிமிடத்தை, அவள் எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள்.

"இண்டைக்கு எனக்கு ஒரு கேள்வியும் இல்லையோ?" என்றாள்.

"இருக்கு. ஞாயிற்றுக்கிழமை நான் சந்தைக்குப் போகாமல் வீட்டிலை நிண்டால், நீ வருவியோ?"

அவள் வாயெடுக்கும்போது கதவு திறந்தது. றொக்சன் அவளை உள்ளே வரச் சொன்னாள். எழுந்து, கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு போனாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"மிஸ்யூ யோகேந்திரன், உங்கள் கேள்விக்கு நன்றி. பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தருகிறோம்."

பிரெஞ்சில்தான் சொன்னாள். ஆனால் குரல் தழுதழுத்தது. தடிமன் இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

முறைப்பாட்டைச் சபை தள்ளிவிட்டது என்று அடுத்த நாள் இணையத்தில் பார்த்தேன். இன்று வெள்ளிக்கிழமை, மூன்றாவது நாள். தபாற்பெட்டியை இரண்டு தரம் திறந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. விதிப்படி இன்னும் ஏழு நாள் இருக்கிறது. ஆனாலும் சந்தைக் கடைக்காரனிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன்: இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரமாட்டேன்.