சாராவுக்குப் போட்ட பச்சைக் கவுன்

மாரித்தின் தோளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் தோள் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. ஃபிரீஸ்லாந்தில் அவள் இருந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த தோள் அது. நல்ல தோள், பலமான தோள், ஆனால் எந்தக் கடைக்காரனும் அப்படி ஒரு தோளை மனதில் வைத்துத் துணி தைத்ததில்லை. தோளுக்குச் சரியாக இருக்கும் கவுனை எடுத்தால் இடுப்பில் இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம். இடுப்புக்குப் பார்த்து எடுத்தாலோ கையைத் தூக்க முடியாது. மீறித் தூக்கினால் முதுகில் டர்ரென்று கேட்கும்.

அந்த டர்ர் ஒருமுறை சபையிலேயே கேட்டுவிட்டது. அவள் கணவன் வோப்கேயின் அக்கா கிரீட், தன் மகன் கல்யாணத்தில் எல்லாரையும் ஆட இழுத்தாள். பாவம், மாரித்தும் ஆடினாள். கையை உயர்த்தியதும் கழுத்திலிருந்து இடுப்பு வரை கவுன் இரண்டாகிவிட்டது. மிச்சக் கல்யாணம் முழுக்க வோப்கேயின் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் கிரீட் அந்தக் கதையை எடுத்துவிடுவாள்.

"இவளுக்குத் துணி எடுக்கணும்னா துணிக்கடைக்குப் போய்ப் பிரயோசனமில்ல. கூடாரம் விக்கிறவன்கிட்டதான் போகணும்!"

எல்லாரும் சிரிப்பார்கள். மாரித்தும் சிரித்துவைப்பாள். வீட்டுக்கு வந்து தன் நீச்சல்குளத்து ட்ராக் சூட்டை மாட்டிக்கொண்டு பேசாமல் தேநீர் போடுவாள். வலிக்காமல் இருக்குமா என்ன? வலித்தது.

ஐம்பதாவது பிறந்தநாள் நெருங்கியபோதுதான் அவளுக்கு ரோஷம் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் நடக்கும் ஆன்லைன் தையல் வகுப்பில் சேர்ந்தாள். அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஈஸ்டர் சாப்பாட்டில் கிரீட் மறுபடி கூடாரத்தை ஆரம்பிக்கவும், "அண்ணி, என் பிறந்தநாளுக்கு நானே தைச்ச கவுன்லதான் ஹாலுக்குள்ள நுழைவேன். பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டாள். 

"சந்தோஷம். எதுக்கும் கடைல, இழுத்தா இழுபடற துணியில ஒரு கவுன் வாங்கி என் பையில வச்சுக்கறேன். அவசரத்துக்கு உதவும்" என்றாள் கிரீட்.

வகுப்பு ஆசிரியை அன்னெலோத் ஸ்வோலெ நகரத்துக்காரி, மாரித்தைவிடச் சின்னவள், கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். திரையில் மாணவிகள் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் மாதம் மாரித்தின் கட்டத்தில் அவள் தலை தெரியவே இல்லை, மேசை விளக்கு மட்டும்தான் தெரிந்தது. கேமராவை எங்கே வைப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தைத்த முதல் கையைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினாள்.

அன்னெலோத் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு மாரித். ஆனா அதைப் போட்டுக்கணும்னா உங்க முழங்கை பின்பக்கமா மடங்கணும்."

எல்லாக் கட்டங்களும் குலுங்கிச் சிரித்தன. மாரித்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சிரிப்பு அவளைச் சுடவில்லை. ஏனென்றால் அடுத்த கட்டத்தில் இருந்தவள் தன் பாவாடையைத் தான் உட்கார்ந்திருந்த நாற்காலி உறையோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள்.

பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். தோளின் அளவை அன்னெலோத் சொன்னபடி எடுத்துக் காகிதத்தில் வரைந்தபோது ஒரு விஷயம் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் தன் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்திருந்தாளே, கோளாறு காகிதத்தில் அல்லவா இருந்திருக்கிறது! முதுகுத் துண்டை அகலமாக்கி, கைக்குழியைக் கொஞ்சம் மேலே ஏற்றி வெட்டினால் கை தாராளமாக மேலே போகும். அவ்வளவுதான் சங்கதி.

முதலில் ஒத்திகைக்கு ஒரு கவுன் தைக்கச் சொன்னாள் அன்னெலோத். மாரித் பழைய பூப்போட்ட திரைச்சீலையை வெட்டி, ஒழுங்காக மடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு மாட்டிவைத்தாள். அது சரியாக வந்த பிறகுதான் கரும்பச்சை லினன் துணி வாங்கினாள். வெட்டும் முன் துவைத்துக் காயவைத்தாள். தோளிலும் கைக்குழியிலும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தையல் ஓட்டினாள். பாவாடைப் பகுதி கிராஸ் கட், துணியைச் சாய்வாகப் போட்டு வெட்டியது. அந்த வாட்டில் வெட்டிய துணி தன் கனத்திலேயே கீழே இறங்கும், இறங்கி முடியட்டும் என்று தொங்கவிட்டு, கடைசியில்தான் கீழ் விளிம்பை மடிக்க வேண்டும். ஆகவே பிறந்தநாளுக்கு முந்தைய நாள் சாயங்காலம் பச்சைக் கவுன் துணி துவைக்கும் அறையில் தொங்கிக்கொண்டிருந்தது. விளிம்பு கோணல்மாணல். மேலெல்லாம் சாக்பீஸ் கோடு. பிறகு பிரித்துவிட வேண்டிய கச்சாத் தையலின் வெள்ளை நூல் நாலாபக்கமும் தொங்கியது. காலையில் விளிம்பை மடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

அங்கேதான் வினை.

அந்த ஊரில் ஒருத்திக்கு ஐம்பது நிறைந்தால் அவள் சாராவைப் பார்த்துவிட்டாள் என்பார்கள். பைபிளில் வரும் கிழவி சாராதான். வைக்கோல் திணித்து ஆளுயரத்துக்கு ஒரு சாரா பொம்மை செய்து, பிறந்தநாள்காரியின் பழைய துணியையே அதற்கு மாட்டி, அவள் தூங்கும்போது வாசல் தோட்டத்தில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். விடிந்ததும் ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். அந்த வருஷம் பொம்மைப் பொறுப்பு கிரீட்டுக்கும், டிராக்டர் வைத்திருந்த பக்கத்து வீட்டு ஹிட்டேவுக்கும்.

காலையில் ஹாரன் சத்தம் கேட்டு மாரித் எழுந்தாள். சிரித்துக்கொண்டேதான் ஜன்னலுக்கு வந்தாள். தோட்டத்தில் தகரத்தில் எழுதிய பெரிய ஐம்பது. அதன் பக்கத்தில் மழையில் ஊறிப்போய், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, பூசணிக்காய் போல உப்பிய முகமூடியோடு சாரா நின்றாள். அவள் உடம்பில் பச்சைக் கவுன்.

மாரித் இரவு உடுப்போடு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். தெருவே கைதட்டிப் பாட ஆரம்பித்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்த கிரீட் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அட, எதுக்குடி அழறே? ஐம்பது ஆயிட்டா உலகமா முடிஞ்சுபோச்சு? எனக்கு அறுபது ஆகப்போகுது, நான் நல்லாத்தானே இருக்கேன்?"

மாரித் கவுனையே பார்த்தாள். கிரீட் அவள் கண் போன திசையைப் பார்த்தாள்.

"ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். இந்தப் பழைய துணியை எங்க வாங்கினே? எந்தக் காலத்துத் தையலோ தெரியல, அப்பப்பா! வைக்கோலை முட்டி போட்டு அமுக்கித் திணிச்சோம், ஒரு தையல் விடலையே!"

"அதை ஏன் கேக்கறீங்க?" என்று ஹிட்டே சேர்ந்துகொண்டான். "வாய்க்காலைத் தாண்டிக் கொண்டுவர முடியல. ரெண்டு கைக்குள்ளயும் ஒரு கம்பைக் கொடுத்து டிராக்டர்ல மாட்டித் தூக்கினோம். நனைஞ்ச வைக்கோல் என்ன கனம் கனக்கும்! கவுன் பிஞ்சு சாரா தண்ணிக்குள்ள போயிடுவான்னு நான் பந்தயமே கட்டினேன். ம்ஹூம், அசையல!"

"இப்ப யாரு இப்படித் தைக்கறா? கடைல விக்கிறதெல்லாம் பசை போட்டு ஒட்டினது" என்றாள் கிரீட்.

மாரித் மெதுவாகத் திரும்பினாள். வாசல்படியில் வோப்கே கேக் தட்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"வோப்கே, இவங்களுக்கு எந்தத் துணியை எடுத்துக் கொடுத்தே?"

"பயப்படாதே, நல்லதைத் தொடவே இல்ல! பூப்போட்ட கவுனைப் பத்திரமா என் கோட்டுக்குள்ள மறைச்சு வச்சிருக்கேன். இது துவைக்கிற அறையில தொங்கிச்சே, நூலும் கோடும் கோணலுமா. இதுதான் நீ ஒத்திகைன்னு சொன்னது..."

சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். தட்டு சாய்ந்து கேக் துண்டு ஒன்று படியில் விழுந்தது. "ஐயையோ" என்றான். அவனைத் திட்டலாம்தான். ஆனால் நல்லதைக் காப்பாற்றப் போய்க் கெடுத்தவனை எப்படித் திட்டுவது?

"அப்ப இது?" என்றாள் கிரீட்.

"நான் தைச்சது அண்ணி. இன்னிக்குப் போட்டுக்கறதுக்கு."

 கிரீட் பொம்மையிடம் போனாள். கம்பு கொடுத்துத் தூக்கிய அக்குளை விரலால் தடவினாள். கையைப் புரட்டி உள்பக்கத் தையலைப் பார்த்தாள். மறு கையையும் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் பையில் இருந்த கடைக் கவுனை எடுத்து நீட்டியிருந்தால் மாரித் அதை வாய்க்காலில் எறிந்திருப்பாள், சத்தியமாக எறிந்திருப்பாள். கிரீட் பையைத் தொடவில்லை. முகமூடியைக் கழற்றித் தரையில் போட்டாள்.

"ஹிட்டே, என்ன மரமாட்டம் நிக்கறே? வைக்கோலை உருவு. பாத்து, மெதுவா. இழுத்தே, கையை ஒடிச்சிடுவேன்."

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். தெருவே சேர்ந்து சாராவின் துணியை அவிழ்த்தது. முன்பே துவைத்து வெட்டிய துணி, அதனால் தைரியமாக வாளியில் போட்டு அலசினாள் மாரித். காயவைப்பதற்கு அந்த ஊர்க் காற்றுக்குச் சொல்லித்தர வேண்டுமா! கொடியில் கவுன் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தபோது அன்னெலோத்துக்கு விஷயத்தை எழுதினாள். உடனே திரையில் வந்தாள் ஆசிரியை, பின்னாலேயே வகுப்பில் பாதிப் பேரும் வந்துவிட்டார்கள்.

"வைக்கோலோட ராத்திரி முழுக்க மழையில தொங்கிச்சா? அப்ப விசேஷம்தான் போங்க! இறங்க வேண்டியதெல்லாம் இறங்கியிருக்கும். இனிமே அந்தத் துணி ஒரு நூல்கூட இறங்காது. போட்டுக்கிட்டு நில்லுங்க, யாராவது தரையிலேருந்து அளந்து கோடு போடட்டும்."

மாரித் மேசைமேல் ஏறி நின்றாள். கோடு போட வோப்கே முன்வந்தான். "நீ இன்னிக்கு எதையும் தொடாதே" என்று அவனைத் தள்ளிவிட்டு, கிரீட் ஸ்கேலோடு வந்து குனிந்தாள். வாயில் குண்டூசி இருந்ததால் கொஞ்ச நேரம் வீடு அமைதியாக இருந்தது. ஒரு பக்கம் துணி நிறையவே இறங்கியிருந்தது. சமமாக்க வெட்டியதில் கணுக்கால் வரை இருக்க வேண்டிய கவுன் முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டது.

"கால் தெரியுதே" என்றாள் மாரித்.

"தெரியட்டும். நீந்தற காலுதானே, மறைக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் கிரீட், ஊசியைத் துப்பிவிட்டு.

விளிம்பை மாரித்தே மடித்துத் தைத்தாள். ஒரு கையும் உதவிக்கு வர அவள் விடவில்லை. பூப்போட்ட திரைச்சீலைக் கவுன் சாராவுக்குப் போனது. வோப்கேவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், அவனுக்கு அது பிடித்திருந்தது.

சாயங்காலம் அவள் சொன்னபடியே தான் தைத்த கவுனில் ஹாலுக்குள் நுழைந்தாள். பச்சை அவளுக்குப் பொருந்தியிருந்தது. தோள் தோளாக இருந்தது, இடுப்பு இடுப்பாக இருந்தது. இசை தொடங்கியதும் அவளே போய் நடுவில் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். கவுனும் கூடவே எழுந்து, கூடவே இறங்கியது. கர்வமா என்று கேட்டால் ஆமாம், கர்வம்தான். இருக்கக் கூடாதா?

அங்கே பிறந்தநாள்காரிக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் போதாது. புருஷனுக்கு, பிள்ளைக்கு, நாத்தனாருக்கு என்று வட்டமாக உட்கார்ந்திருக்கும் குடும்பம் முழுக்கக் கைகுலுக்கிக்கொண்டே வர வேண்டும். வருகிறவர்கள் கிரீட்டிடம் வந்து, "உங்க தம்பி மனைவிக்காக வாழ்த்துகள்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு நகரப் பார்த்தார்கள். கிரீட் நகர விடவில்லை. பிடித்த கையை விடாமல், "நன்றி, நன்றி. உக்காருங்க, அந்தக் கவுனைப் பாத்தீங்களா? அவளே தைச்சது. டிராக்டர்ல மாட்டித் தூக்கியே பாத்துட்டோம்!" என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மாரித் காபியோடு அந்தப் பக்கம் வந்தாள். "அண்ணி, வர்ற எல்லார்கிட்டயும் இதைச் சொல்லணுமா?"

"சொல்லாம இருப்பேனா?" என்றாள் கிரீட், அடுத்து வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டே. "உனக்காக எனக்குத்தானே வாழ்த்துச் சொல்றாங்க!"