பொறியாளர் பிழைத்த பாகம்

"நிறுத்து, நிறுத்து. இப்ப யாரு பேசினது?"

தங்கை தொலைக்காட்சியை நிறுத்தினாள். கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணனின் முகம் திரையை நோக்கியே இருந்தது. விழிகள் திறந்திருந்தன, அவற்றில் ஒளி நீங்கி நாற்பது நாள் ஆயிற்று. தலைக்குள் வளர்ந்த கட்டி முதலில் கண்ணைக் கொண்டது. இனி மூச்சைக் கொள்ளும் என்று மருத்துவர் நாள் குறிக்காமல் சொல்லியிருந்தார்.

"கேப்டன் பேசறா. இருட்டு நமக்குள்ளதான் இருக்குங்கறா."

"பாகத்துக்கு ஒருத்தர் இதச் சொல்லியே ஆகணும் போல. கப்பல்ல ரெண்டு பல்பு சேத்துப் போட்டா இருட்டு தானா போகுது."

விண்கப்பல் ஒன்றைப் பற்றிய அயல்மொழித் தொடர். திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை அவள் வாய்விட்டுப் படிப்பாள், நடப்பதையும் சொல்வாள், அவர் கேட்பார். 'நெடுவான்' என்ற அந்தத் தொடர் முதன்முதலில் வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். அதே பெயரில் பின்னர் வந்த நான்கு தொடர்களையும் ஒரு பாகம் விடாமல் பார்த்தார். பழையது என்பதற்காகவே புகழ்கிறவர் அல்லர். சரக்குக் கப்பலைப் பற்றிய மூன்றாவது தொடரை மூலத்துக்கும் மேலே வைத்து, இணைய ரசிகர் குழுவில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவர். இயந்திரம் இன்னதென்று அறியாமல் பொத்தானை அழுத்துகிற மாந்தரைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. முதல் தொடரின் கப்பற்பொறியாளர் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இயந்திரச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். திரையில் தம்மைப்போல் வேலை செய்த ஒரே மனிதர் அவர் என்பது அண்ணனின் கட்சி.

இப்புதிய தொடரில் அந்தப் பொறியாளர் நரைத்த தலையோடு திரும்பி வந்திருந்தார். முதற்பாகத்திலேயே அண்ணன் சொல்லிவிட்டார்: "பாரு பாப்பா, கொல்றதுக்குன்னே கூட்டிட்டு வந்திருக்கானுங்க. எழுதத் தெரியாதவனுக்கு வயசானவன் சாவு ஒண்ணு வேணும்."

இது ஒன்பதாம் பாகம், கடைசி. பொறியாளர் கசியும் உலைக்குள் தனியே நுழைந்தார். கதவு மூடிற்று. பதினொரு நொடியில் அவர் கதை முடிந்தது. கேமரா அவர் முகத்தில் நிற்கவும் இல்லை. கேப்டனின் கண்ணீரைத் தேடிப் போய்விட்டது.

"என்னாச்சு?" போர்வையின் ஓரத்தை அண்ணனின் விரல்கள் இறுகப் பற்றியிருந்தன. "சொல்லேன்!"

நீதிமன்றத்தில் முப்பத்தோராண்டு சுருக்கெழுத்தாளராக இருந்தவள் அவள். எந்தச் சாட்சியின் வாயிலும் ஓர் அசை கூட்டியதில்லை, ஓர் அசை குறைத்ததில்லை.

"வால்வ மூடிட்டார்," என்றாள். "வெளிய வந்துட்டார்."

"குரலே கேக்கலையே?"

"நீராவி தொண்டையச் சுட்டுடுச்சு. பேச முடியல. ரெண்டு கையாலயும் சைகை காட்றார்."

எஞ்சிய இருபது நிமிடமும் அவள் நாவில் அவர் உயிரோடு இருந்தார். திரையில் அவர் உடலைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவளோ, அவர் வெப்பமானியைச் சுட்டிக் காட்டுகிறார் என்றாள்.

"மியூசிக் ஏன் இப்படி ஒப்பாரி வைக்குது?"

"குரல் போச்சேன்னுதான்."

அண்ணனின் விரல்கள் போர்வையை விட்டன. பிறகு, "எழுது," என்றார். அவள் நோட்டை எடுத்தாள். மூச்சு வாங்கி வாங்கி அவர் சொன்னார்:

"எட்டு பாகம் தண்டம். ஒன்பதாவதுல ஒருத்தன் எழுதிட்டான். உயிர எடுக்காம பேச்ச மட்டும் எடுத்தான். வேலை தெரிஞ்சவனுக்குப் பேச்சு எதுக்கு? இவங்கள நான் மட்டமா நினைச்சேன். அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை.

"குழுவில போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

போடவில்லை. நாற்பது பேர் அதைப் படிப்பார்கள். நாற்பது பேருக்கும் மெய் தெரியும்.

மாலை வெயில் கட்டிலின் காலைத் தொட்டபோது கேட்டார்: "பல் டாக்டர் என்ன சொன்னான்?"

குழுவில் அவருக்கு இருபதாண்டு எதிரி அந்தப் பல் மருத்துவர். இவர் ஆம் என்றால் அவர் இல்லை என்பார்.

"நீ சொல்றது சரிதான்னு எழுதியிருக்கார்."



"அவனா?" அண்ணன் தலையைத் திருப்பினார். "அவனே ஒத்துக்கிட்டான்னா நான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். திரும்பப் போடு."

"நீ களைச்சிருக்க அண்ணா. நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கு நீ பாப்ப. இப்பப் போடு."

போட்டாள். பிறர் சொன்ன எதையும் அவளால் குறிப்பிலிருந்து வரி பிசகாமல் திரும்பப் படிக்க முடியும். தான் சொன்னதற்குக் குறிப்பு இல்லை. கதவு மூடிற்று. இசை எழுந்தது.

"வெளிய வந்துட்டார். வலது கைல பெரிய கட்டு. இடது கைய மட்டும் ஆட்டறார்."

"ரெண்டு கையாலயும்னு சொன்ன."

திரையில் வரிகள் ஓடின. படிக்க வேண்டியவற்றைக்கூட அவள் படிக்கவில்லை. அந்த இசையை இறுதிவரை அவர் செவி கொடுத்துக் கேட்டார்.

"அணைச்சிடு பாப்பா."

பின்பு பேசவில்லை. எழுதியதைக் குழுவிலிருந்து எடுத்துவிடு என்றும் சொல்லவில்லை. இரண்டு கரண்டி தண்ணீர் குடித்தார். மறுநாட்காலை அவள் அந்தக் கரண்டியைக் கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் மூச்சு அடங்கியிருந்தது.

நண்பகலில் கூடம் நிறைந்தது. மூன்று மணிக்கு வண்டி வரும் என்றார்கள். மூன்றாகச் சற்று முன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த உயரமான மனிதர் உடலின் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். பிறகு அவளிடம் வந்தார்.

"நான்தாம்மா பல் டாக்டர். படுபாவி, என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டார்." உடலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஒன்பதாவது பாத்தாரா? அவர் எழுதாம யாரும் எழுதறதில்லன்னு நாப்பது பேரும் வாய மூடிட்டு இருக்கோம்."

"கேட்டார்."

"என்ன சொன்னார்?"

அணைச்சிடு. உண்மையில் வந்த பாகத்தைப் பற்றி அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான். அவள் உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தாள். நீதிபதியின் முன் படிப்பதுபோல், ஏற்ற இறக்கமின்றி, மன்னிப்பு ஈறாக முழுவதும் படித்தாள். பேச்ச மட்டும் எடுத்தான் என்னுமிடத்தில் பல் மருத்துவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் ஏட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"இப்படி ஒரு பாகம் வரலையேம்மா."

"வால்வ மூடிட்டு வந்துட்டார், நீராவி தொண்டையச் சுட்டுடுச்சுன்னு நான்தான் சொன்னேன். நீங்களும் ஒத்துக்கிட்டதாச் சொன்னேன். அதுலதான் அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியால் துடைத்தார், மாட்டிக்கொண்டார். வாசலில் வண்டி பின்னோக்கி வரும் ஒலி கேட்டது. யாரோ எட்டிப் பார்த்து, "எடுக்கலாமா?" என்றார்.

"ரெண்டு நிமிஷம்," என்றார் பல் மருத்துவர். நாற்காலி ஒன்றை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு அமர்ந்தார்.

"நான் எப்படி ஒத்துக்குவேன்? அவ்வளவு நீராவி அடிச்சா தொண்டை மட்டுமா போகும்? மொதல்ல கண்ணுதான் போகும். கண்ணு போனவன் அந்த வால்வத் தடவித் தடவித்தான் தேடியிருக்கணும். அத அவர் கேட்டிருக்க வேணாமா? லிஃப்ட்காரர் கேக்காம விட்டுட்டார்..."

அவள் புதிய பக்கத்தைப் புரட்டினாள். மூலையில் தேதியிட்டாள்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க," என்றாள், பென்சிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு.