ஒட்டிய வாய்கள்

விடியற்காலையிலிருந்து பதினெட்டுப் பேருடைய வாயை ஒப்பனைக்காரன் எர்மெக் ஒட்டி முடித்திருந்தான். ரப்பர் பாலில் வார்த்த மெல்லிய தோல். வெடித்த உதடு, பல்லோடு ஒட்டி இழுத்துக்கொண்ட கன்னம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பஞ்சத்தில் கசாக் புல்வெளியில் செத்தவர்களைப் பற்றிய படம். சாகிறவர்களாக நடிக்க வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்.

"சாப்பிடக் கூடாது. உதடு பிய்ஞ்சா மறுபடி கால் மணி நேரம் ஆகும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தான். தண்ணீர்கூடக் குழலில்தான்.

தபால் ஆபீஸ் குல்யாஷ் மட்டும் வாயை அசைக்காமல் பேசினாள். "என் புருஷன் பாத்தா மாலை போடுவான் உனக்கு. இருபது வருஷமா அவனால முடியலையே."

பத்து மணிக்கு எடுக்க வேண்டிய காட்சி. மேகம் வரட்டும் என்றார் இயக்குநர் தல்கத். மணி மூன்றாயிற்று. இருபதடி தள்ளிக் கூடாரத்தில் படக்குழு ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்தது. கொழுப்பு வாசனை காற்றோடு வந்து பட்டினிக்காரர்கள் மேல் நின்றது. எர்மெக் கூடாரத்துக்குப் போய், அவர்களைச் சாப்பிடவிடலாமா என்று கேட்டான்.

"கிடக்கட்டும்டா" என்றார் தல்கத். கறிக்கொழுப்பு அவர் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. "வயிறு ஒட்டினா உனக்குப் பாதி வேலை மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். எர்மெக்கும் சிரித்தான். சிரித்த வாய் புளித்தது.

திரும்பியபோது குல்யாஷின் கை உதறிக்கொண்டிருந்தது. ரப்பர் விளிம்பில் வியர்வை கசிந்தது.

"தம்பி, எனக்குச் சர்க்கரை. காலைல ஊசி போட்டுக்கிட்டேன்."

"முன்னாடியே சொல்றதுக்கென்னக்கா?"

"சொன்னா சேத்துப்பீங்களா?"

சர்க்கரைத் தண்ணீர்க் குழலை வைத்தான். பற்கள் கிட்டித்ததில் குழல் நிற்கவில்லை.

தல்கத் எலும்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "நடுக்கத்தப் பாத்தியா? எந்த நடிகைக்கு இது வரும்? கேமராவ எடு!"

"அண்ணே, அது நடிப்பில்ல. சர்க்கரை இறங்குது."

"ரெண்டே நிமிஷம்டா."

எர்மெக் தான் ஒட்டிய வாயைப் பார்த்தான். பசையைக் கரைக்க நேரமில்லை. விளிம்பைப் பிடித்து இழுத்தான். ரப்பரோடு அவளுடைய தோலும் கொஞ்சம் வந்தது. நிஜ ரத்தம், அவன் தேனில் கலந்து வைத்திருந்த பொய் ரத்தத்தைவிட வெளிறியது. மிச்சமிருந்த தேனை விரலால் கன்னத்துக்குள் தடவினான். தடவிக்கொண்டே இருந்தான். வெகு நேரம் கழித்து அவள் விழுங்கினாள். பிறகு ரொட்டி கேட்டாள்.

இரண்டு கையாலும் தின்றாள்.

"நிறுத்தாத, எடு!" தல்கத்தின் குரல் கிறீச்சிட்டது. "பிய்ஞ்ச வாயோட திங்கிறா பாரு! இதான்டா படம்!"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எர்மெக் அதற்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றான்.

"நகருடா!"

அவன் நகரவில்லை.

"தம்பி, ரப்பரும் சேந்து வருது" என்றாள் அவள், முதுகுக்குப் பின்னாலிருந்து.

"துப்புங்கக்கா."

துப்பினாள். உட்கார்ந்திருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் உதடுகளைப் பிய்க்கத் தொடங்கினார்கள்.