கம்பியில் பதினோரு டாப்ஸ்

கடைக்கு மூச்சு முட்டுகிறது என்று என் தம்பி சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தது என் தப்பு. உள் அலங்காரம் படித்தவனுக்கு அக்காவே முதல் வேலை தராவிட்டால் யார் தருவார்கள் என்று நினைத்துத் தொலைத்தேன்.

பதினாலு வருஷமாகக் கூரை வரை துணி அடுக்கி வியாபாரம் பண்ணிய கடை. இப்போது வெள்ளைச் சுவர், ஒரு நீளக் கம்பி, அதில் பதினோரு டாப்ஸ். மற்றதெல்லாம் பின்னால் குடோனில். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. முதல் நாளே ஒருவர் எட்டிப்பார்த்து, "கடை வாடகைக்கா?" என்று கேட்டார். மறுநாள் சைஸ் கேட்டவர்களுக்காகக் குடோனுக்கு நடையாய் நடந்து என் முழங்கால் போனது. தம்பித் துரையோ ஹேங்கர்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் டீச்சர் வந்தார். கடை திறந்த நாள் முதலான வாடிக்கை, நல்ல பருமன். அவருக்கென்றே டபுள் எக்ஸ்எல் தேடி வாங்கி வைப்பேன். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் அவர் பின்னால்தான் வருவார்கள். எதிர்க்கடையிலும் இப்போது பெரிய சைஸ் போடுகிறார்கள். அவரை விட்டால் நான் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

உள்ளே ஓடி நாலு டாப்ஸை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவரைக் காணோம்.

"பாத்துட்டுக் கிளம்பிட்டாங்கக்கா. தொங்கறது எல்லாம் ஸ்மாலான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

"பின்னாடி இருக்குன்னு சொல்றதுக்கு என்னடா?"

"கஸ்டமரைத் தொந்தரவு பண்ணக்கூடாதுக்கா."

"பதினொண்ணும் ஏன்டா ஸ்மால்?"

"பெரிய சைஸ் தொங்கினா லைன் கெட்டுரும்."

"உன் லைன்ல இடி விழ!"

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். எதிர்க்கடையில் டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் துணி மலையாகக் குவிந்து கிடந்தது.

"டீச்சர், உங்க சைஸ் உள்ள நிறைய இருக்கு. வாங்க."

"இருக்கட்டும்மா. கடையை ரொம்ப அழகாப் பண்ணியிருக்கீங்க. இனிமே அது சின்னப் பொண்ணுங்களுக்குத்தானே?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது இழுத்து வந்திருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது.

தம்பி வாசலிலேயே நின்றிருந்தான்.

"என்னக்கா சொன்னாங்க?"

"கடை ரொம்ப அழகா இருக்காம்."

"சொன்னேன்ல?" என்றான், வாயெல்லாம் பல்லாக.