நிபுணர் தொட்ட கணினி

நிபுணர் என்றால் அவளுடைய அக்கா புருஷன். அந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவர் பேசுகிற பேச்சுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. குழாய் ஒழுகினாலும் சரி, மின்விசிறி முனகினாலும் சரி, அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை, கையையும் வைத்துவிடுவார்.

அவள் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் வரைகிறவள். கொஞ்ச நாளாகக் கணினி படுத்தியெடுத்தது. ஒரு கதவை வரைந்தால், அது திரையில் வருவதற்குள் போய்த் துணி காயப்போட்டுவிட்டு வரலாம். மாடிப்படி வரையும்போது பாதியில் அப்படியே உறைந்துவிடும். அப்புறம் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் கல்லைத் தட்டுவது மாதிரிதான்.

"சகலைகிட்ட சொல்லிட்டேன், வந்து பார்க்கிறாராம்," என்றான் கணவன்.

"உங்களை யாரு சொல்லச் சொன்னா?"

"விஷயம் தெரிஞ்சவராச்சே."

"என்ன தெரிஞ்சவர்? ஒவ்வொரு தடவை வரும்போதும் அதுல என்னத்தையாவது ஏத்திட்டுப் போறார். அதுலேருந்துதான் இது இப்படி முக்குது."

கணவன் செய்தித்தாளுக்குள் தலையை இழுத்துக்கொண்டான். சகலையோடு மல்லுக்கு நிற்பதைவிட மனைவியிடம் திட்டு வாங்குவது அவனுக்குச் சுலபம்.

நிபுணர் வந்தார். நாற்காலியில் சாய்ந்து, மவுஸை இரண்டு சுழற்று சுழற்றி, நாடி பிடித்துப் பார்த்தவர் போல உதட்டைப் பிதுக்கினார்.

"வைரஸ்மா. உள்ள முழுக்கப் பரவிடுச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டாத்தான் சரிப்படும்."

"அத்தான், என் வரைபடமெல்லாம் அதுலதான் இருக்கு."

"திரும்ப வரைஞ்சுக்கோயேன். கோடுதானே?"

கோடுதானே! அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. ஒரு பள்ளிக்கூடமே உள்ளே இருக்கிறது, இந்த மனிதருக்கு அது கோடு. சொந்த வீட்டுச் சுவரில் ஒரு ஆணியை நேராக அடித்ததில்லை.

"எழுந்திருங்க அத்தான். அக்கா சாப்பிடாம காத்துக்கிட்டிருப்பா."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனபின் அவள் உட்கார்ந்தாள். எந்த மென்பொருள் கணினியை எவ்வளவு தின்கிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தாள். வரைகிற மென்பொருள் பாவம், ஓரமாகக் கிடந்தது. மொத்தத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தவை மூன்று ஆன்டிவைரஸ்கள். மூன்றும் அத்தானின் அன்பளிப்பு. ஒன்று ஒரு கோப்பைத் திறந்து துழாவ, அடுத்தது சந்தேகப்பட்டு அதையே துழாவ, மூன்றாவது இரண்டையும் துழாவ, வீட்டுக்காரி வாசலில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டைத் தூக்கி எறிந்தாள். 'வேகம் கூட்டும்' என்று அவர் ஏற்றியிருந்த இன்னொன்றையும் சேர்த்து எறிந்தாள். கணினி சட்டென்று திறந்தது.

ஆனால் கொஞ்ச நேரம் வரைந்ததும் மறுபடி உறைந்தது. கணினிப் பெட்டியைத் தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. தூசி படாது என்று அதை மூடிய அலமாரிக்குள் வைக்கச் சொன்ன புண்ணியவானும் அவரேதான். வெளியே இழுத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே இருந்த விசிறியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. சின்ன பிரஷால் பொறுமையாகத் தட்டியெடுத்தாள். அன்றைக்கு மாடிப்படி உச்சிவரை ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நிபுணரும் வந்தார்கள். அவர் நேராகக் கணினியிடம் போனார்.

"பார்த்தியா! நான் சும்மா தொட்டுட்டுப் போனேன், எப்படிப் பறக்குது!"

"உங்க கைராசி, சகலை," என்றான் கணவன், வெட்கமே இல்லாமல்.

அவள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே வந்த அக்கா கதவைப் பாதி சாத்தினாள்.

"எங்க வீட்டுதும் அசைய மாட்டேங்குதுடி. அவர் இல்லாத நேரமா வந்து பாரேன்."

"நாளைக்கே வர்றேன்," என்றாள். "அவரை எங்கயாவது அனுப்பி வை. தூரமா."