ஆமென் சொன்னவர்கள்

மேஜை விரிப்பை அவள் மறுபடியும் தேய்த்தாள். அதில் சுருக்கமே இல்லை. சலவைக் கடையில் இஸ்திரி போட்டே பாதி ஆயுசு கழிந்தவள். மனம் கசங்கினால் கை இஸ்திரிப்பெட்டியைத் தேடும்.

“என்னங்க, இன்னொரு தடவை சொல்லுங்க.”

கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

“எதை?”

“ஜெபத்தை. சாப்பாட்டு ஜெபம்.”

“சாப்பிட்டாச்சா?”

“இன்னும் இல்ல. பிள்ளைங்க வரட்டும். கிறிஸ்மஸ் இல்லையா இன்னிக்கு?”

அவர் கண்களை மூடினார். “ஆண்டவரே,” என்றார். குரல் பழைய குரல்தான். “ஆண்டவரே, நீர்...”

அதோடு நின்றுவிட்டது.

“நீர் நல்லவர்,” என்று எடுத்துக் கொடுத்தாள்.

“யாரு?”

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஒரு வாரமாக இதே இடம்தான். ‘நீர்’ வரை வருவார், அதற்கு மேல் ஏறமாட்டார்.

வேலையில் இருந்தவரை அவர் லிஃப்ட் மெக்கானிக். சபையிலும் லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். ஜெபம் செய்வதற்கும் அந்தப் பெயர் பொருந்தியது. கீழ்த்தளத்தில் சோற்றுக்கு நன்றி சொல்லித் தொடங்குவார். பிறகு மாடிக்கு மாடி நிற்பார்: நோயாளிகள், பயணம் போகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், கால் ஒடிந்த எதிர்வீட்டு நாய். குழம்பு ஆறிப்போகும். “இப்ப எந்த மாடிடா?” என்று சின்னவன் அண்ணன் காதைக் கடிப்பான். அவள் யாருக்கும் தெரியாமல் கணவரின் முழங்கையைக் கிள்ளுவாள். ஆமென் வந்துவிடும்.

இந்த வருடம் ஒரு மாடி ஏறினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

போன மாதம் பெரியவன் போனில் சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. “அப்பாவுக்கு முடியாமப் போச்சுன்னா மறைக்காம சொல்லும்மா. நீ எங்ககிட்ட வந்துடு. அப்பாவைத் தம்பி பாத்துக்குவான். ரெண்டு பேரையும் சேத்து வெச்சுக்க யார் வீட்லயும் இடம் இல்ல.” சின்னவன் இருப்பது அங்கிருந்து ரயிலில் ஒரு பகல் ஓர் இரவு தூரம். பெரியவன் கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவனென்றால் சண்டை போட்டிருக்கலாம்.

“அப்பாவுக்கு என்ன, என்னைவிட நல்லா இருக்காரு,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

காலை ஆராதனையில் போதகர், பாலன் பிறந்த இரவில் அவர் தாய்தந்தைக்குச் சத்திரத்தில் இடமில்லாமல் போனதைப் பற்றிப் பேசினார். வருடா வருடம் கேட்பதுதான். இன்றைக்கு மட்டும் அவளுக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. அந்த இருவருக்கும் இடம் கிடைக்கவில்லை, சரி. ஆனால் புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம் என்று யாரும் பிரித்து அனுப்பவில்லையே. கொட்டிலானாலும் ஒரே கொட்டில். அதற்குப் பிறகு என்ன பாட்டு பாடினார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

பகலில் பிள்ளைகள் வந்தார்கள். கதவைத் திறந்தவர் அவர்.

“வாங்க. எந்த மாடி?”

“மொட்டை மாடிப்பா,” என்றான் சின்னவன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள் அவள். பெரியவன் மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்தி அப்பாவைப் பார்த்தான்.

அவள் சமையலறைக்குப் போனாள், வந்தாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பப் போனாள்.

“அத்தை, கொஞ்சம் உக்காருங்களேன்,” என்றாள் பெரியவனின் மனைவி. “உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது.”

“உக்காந்தா முட்டி புடிச்சுக்கும்மா.”

சின்னவனைத் தனியாகப் பிடித்தாள். “இந்த வருஷம் நீ ஜெபம் பண்ணேன்டா.”

“நானா? நான் கூப்பிட்டா ஆண்டவர் போனையே எடுக்க மாட்டாரும்மா. அப்பா இருக்கும்போது நான் எதுக்கு?”

“அப்பாவே பண்ணட்டும்,” என்றது பெரியவனின் குரல் பின்னாலிருந்து. “அப்புறம்மா, சாப்பிட்டுட்டு உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்.”

சோறு, கோழிக்குழம்பு, கேக் எல்லாம் மேஜைக்கு வந்தன. அவர் எழுந்து நின்றார். எல்லோரும் தலை குனிந்து கண்களை மூடினார்கள். அவளால் மூட முடியவில்லை.

“ஆண்டவரே,” என்றார். “ஆண்டவரே, நீர்...”

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“நீர்...” என்றார் மறுபடியும்.

மருமகள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். குவளையில் தண்ணீர் ஊற்றி மாமனார் கையில் கொடுத்தாள். “இந்தாங்க மாமா,” என்று கிசுகிசுத்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். அடக்கிய சிரிப்பில் சின்னவனின் தோள் குலுங்கியது.

அவர் குடித்தார். வாயைத் துடைத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள் அவள். கை பழக்கத்தில் நீண்டு அவர் முழங்கையைப் பிடித்தது. கிள்ளவில்லை. அவர் குனிந்து அவளைப் பார்த்தார்.

“நீர் இங்கேயா இருக்கிறீர்?” என்றார்.

ஏய், இந்தா, ஏம்மா. இத்தனை வருடத்தில் அவர் அவளைக் கூப்பிட்டது இப்படித்தான். நீர் என்று சொன்னதில்லை. அந்தச் சொல் ஜெபத்துக்கு மட்டும் உரியது.

“காலையிலிருந்து உம்மைத் தேடுகிறேன். நீர் என்னைவிட்டுத் தூரமாய்ப் போகாதேயும். யார் கூப்பிட்டாலும் போகாதேயும். எனக்கு வழி தெரியாது. நீர் பக்கத்தில் இருந்தால் போதும். வேறொன்றும் கேட்கமாட்டேன்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாடிக்காகப் பிள்ளைகள் கொஞ்சம் காத்திருந்தார்கள்.

“ஆமென்,” என்றான் பெரியவன்.

“ஆமென்,” என்றார்கள் மற்ற இருவரும்.

“என்னப்பா, ஒரே மாடியில எறங்கிட்டீங்க?” என்றான் சின்னவன். “குழம்பு சூடா இருக்கே, இதை எப்படிச் சாப்பிடுறது?”

அவர் கோழிக்காலை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் பெரியவன் சமையலறைக்கு வந்தான்.

“எப்பலேர்ந்தும்மா?”

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

“எந்த மாடின்னு கேட்டது விளையாட்டு இல்ல, எனக்குப் புரியுது. நான் போன்ல சொன்னேன்ல...”

“அப்பா பண்ண ஜெபத்தைக் கேட்டியா?”

“கேட்டேன்.”

“அதுக்கு நீ என்ன சொன்னே?”

“நான் என்ன சொன்னேன்? ஆமென்னேன்.”

“ஆமென்னா என்னடா? ஞாயித்துக்கிழமைப் பள்ளியில சொல்லிக் கொடுத்தாங்கல்ல.”

“அப்படியே ஆகட்டும்,” என்றான் அவன்.

“மொதல்ல சொன்னதே நீதான். இப்ப மாத்திப் பேசாதே.”

“அம்மா, அது ஆண்டவர்கிட்ட கேட்டது.”

“நீ கண்ணை மூடிட்டு இருந்தே. நான் மூடல.”

அவன் துண்டை எடுத்தான். கழுவிய தட்டைத் துடைத்தான். துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தான். அம்மாவின் கை அவனுக்கு வந்திருந்தது.

“ஹால்ல ரெண்டு கட்டில் போட்டா நடக்க வழி இருக்காதும்மா.”

“பக்கவாட்டுல நட.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பி நின்றான். “அவகிட்ட கேக்கணும்,” என்றான்.

“அவளும் ஆமென் சொன்னா.”

இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மகனை மடக்கியாயிற்று. அந்தச் சொல் தனக்குச் சொல்லப்பட்டதுதானா? அவர் கண் தன் மேல் இருந்தது நிஜம். ஆனால் அந்தக் கண் யாரைப் பார்த்தது? தனக்கு உரியதல்லாததை எடுத்துக்கொண்டோமோ என்று பயமாக இருந்தது. கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். கேட்டால், எந்த ஜெபம் என்பார்.

“ஏய்!” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. “எங்க போயிட்டே?”

“இங்கதாங்க இருக்கேன்.”

குழாயை மூடாமல், ஈரக் கையோடு போனாள். மூடியவன் பெரியவன்.